வெட்டாத கரை

கால்வாய்க் கரையில் இனி யாரும் புல் வெட்டக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்ட அன்று, பூச்சிக்காரி சந்தோஷம் தாங்காமல் வழக்கத்தைவிட இரண்டு முட்டை கூடுதலாக உடைத்து ஊற்றினாள். வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கி, உருளைக்கிழங்கைத் தனியாக வறுத்து, அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி மத்தியானமே அவளுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது பல் டாக்டரம்மா போன் பண்ணிச் சொன்னார். அப்போதிலிருந்து ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் புருஷனிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஆசை.

புருஷன் அந்தக் கரையில் புல் வெட்டுகிறவன். அதை அவள் மறந்துவிடவில்லை. ஊரில் வெட்ட வேறு புல்லா இல்லை, ரோட்டோரம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, ஆளை அங்கே மாற்றிப் போடுவார்கள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

ஜன்னலோரம் தையல் மெஷினில் நாத்தனார் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் வீட்டோடு ஒத்துப்போகாமல், மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன அண்ணி, வாசன தூக்குது? யாராவது பொண்ணு பாக்க வராங்களா?"

"ஆமா, உன்னத்தான். இந்தத் தடவை மெஷின விட்டுட்டு நீ மட்டும் போ. அத நாங்க வச்சுக்கறோம்."

"வச்சு என்ன பண்ணுவ? பூச்சிக்கு ஜாக்கெட் தைப்பியா?"

சிரித்து ஓய்வதற்குள் அவன் வந்துவிட்டான். இருட்டுவதற்கு முன்னாலேயே வந்தது அதிசயம். நாள் முழுக்கத் தோளில் மெஷினை மாட்டி வெட்டிவிட்டு வருகிறவனுக்கு, வந்த கொஞ்ச நேரத்துக்குக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். தேநீர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான். அன்றைக்கு ஒரே கையால் பிடித்துக் குடித்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள். "கரை முழுக்க, பாலத்துலேர்ந்து மதகு வரைக்கும், இனிமே ஒரு புல்லுல கை வைக்கக் கூடாதாம். நான் வாராவாரம் எழுதி அனுப்புனதத்தான் டாக்டரம்மா நகராட்சியில கொண்டுபோய் வச்சிருக்காங்க. இத்தன விதப் பூச்சியா இந்தச் சாக்கடைக் கரையிலன்னு அந்த ஆபீசர் அசந்து போயிட்டாராம்."

"அப்புறம்?"

"பெரிய போர்டு வைக்கப் போறாங்களாம். பட்டாம்பூச்சி படமெல்லாம் போட்டு."

"அதுல உன் பேரு வருமா?"

"போங்க நீங்க. என் பேரு எதுக்கு அதுல."

அவன் முட்டையைக் கிழங்கோடு சேர்த்துப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான். அவள் மூச்சுவிடாமல் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தட்டை விரலால் வழித்தபடி சொன்னான்.

"மத்தியானம் மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சான். மெஷினக் கழுவி வண்டியில ஏத்தச் சொன்னான். ஒப்பந்தத்துல முக்காவாசி இந்தக் கரைதான். கரை இல்லன்னா ஒப்பந்தம் இல்ல. ஒப்பந்தம் இல்லன்னா நாங்க இல்ல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஏன் திடீர்னு இப்படின்னு எல்லாரும் கேட்டோம். மேஸ்திரி என்னப் பாத்துச் சிரிச்சான். உன் பொண்டாட்டியக் கேளுன்னான். அத்தன பேரும் திரும்பி என்னப் பாத்தானுங்க."

தையல் மெஷின் நின்றது.

"வேற எடத்துல போட மாட்டாங்களா? பூங்காவுல?"

"பூங்காவுக்கு வேற ஆளு. ரோட்டுக்கு வேற ஆளு. அவன் எடத்துல என்ன எதுக்குப் போடுவான்?"

நாத்தனார்தான் கேட்டாள். "ஏண்ணே, வந்ததும் சொல்றதுக்கென்ன? தின்னு முடிக்கிற வரைக்கும் ஏன் கல்லு மாதிரி உக்காந்திருந்த?"

"அவ ஆசையா சொல்லிட்டிருந்தா. நடுவுல எதுக்குக் கெடுக்கணும்?"

திட்டியிருந்தால் தேவலை என்று பூச்சிக்காரிக்கு இருந்தது. அவன் எழுந்து போய்க் கை கழுவினான்.

பூச்சிக்காரி என்ற பேர் சலவைக்கூடத்தில் வைத்தது. அங்கே மொட்டை மாடியில் ராத்திரி பூரா விளக்கெரியும். வெள்ளை விரிப்புகள் கொடியில் தொங்கும். விடிந்து வேலைக்கு ஏறும்போது விரிப்பெல்லாம் அந்துப்பூச்சி அப்பிக்கொண்டிருக்கும். தட்டிவிட்டால் இறக்கைத் தூள் உதிர்ந்து துணியில் பழுப்பாகத் தீற்றிவிடும். திரும்பத் துவைக்க வேண்டும். மேற்பார்வைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் பயந்து, கையுறை வரும் அட்டையைக் கிழித்து, அதைத் துணியோடு ஒட்டினாற்போல் நுழைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் விட ஆரம்பித்தாள். எடுக்கும்போது பார்க்காமல் எப்படி இருப்பது? ஒன்று மரப்பட்டையைப் பிய்த்து ஒட்டினதுபோல் இருந்தது. ஒன்று காய்ந்த இலையேதான், நரம்புகூட ஓடியது. ஒன்று இளம்பச்சை, விரல் சூட்டுக்கே உருகிவிடும்போல் இருந்தது. உடைந்த கண்ணாடி போனில் படம் எடுத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது.

அதே ஆஸ்பத்திரியில் பல் பார்க்கிற டாக்டரம்மா ஒருநாள் மாடிக்கு வந்தவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பூச்சி, பூண்டு பார்க்கிற சங்கம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். அப்படித்தான் இவளும் சேர்ந்தாள். வேலை விட்டு வீட்டுக்குப் போகிற வழி கால்வாய்க் கரை. வாரத்தில் ஒருநாள் பாலத்தடியிலிருந்து மதகுவரை மெல்ல நடந்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். நேற்றுப் பார்த்ததை இன்றைக்கு எழுதக் கூடாது. இருந்திருக்கும் என்று எழுதக் கூடாது. அதில் அவள் டாக்டரம்மாவையே மிஞ்சினாள். ஒருமுறை ஒற்றை இறக்கை மட்டும் தரையில் கிடக்க, "இதுதான், எழுதிக்கலாம்மா" என்று டாக்டரம்மா சொன்னதற்கு, "பூச்சியக் காணோமே, எப்படி எழுதறது?" என்று மறுத்துவிட்டாள்.

கரை அவளுக்கு நாலு விதமாக இருந்தது. வெயில் காலத்தில் மண் வெடித்து, நெருஞ்சியும் மூக்குத்திப்பூண்டும் மட்டும் பிடிவாதமாகப் பூத்திருக்கும். வெள்ளைப் பூச்சிகள் காலையில் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு எங்கோ போய்விடும். முதல் மழை விழுந்ததும் தரையோடு தரையாகப் புளியாரை துளிர்க்கும். அடைமழையில் ஒன்றும் இருக்காது, குடையைப் பிடித்துக்கொண்டு இலைக்கு அடியில் புழு தேட வேண்டும். மழை ஓய்ந்து பனி இறங்கினால் மஞ்சள் பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். பாலத்தடிக் கற்களில் ஒவ்வொன்றும் இறக்கையை விரித்துப் போட்டு வெயில் காயும்.

அந்தப் பாலத்தடியில்தான் பொடிநீலன் இருந்தது. விரல்நகம் அளவு. உட்கார்ந்தால் சாம்பல், பறந்தால் நீலம். புளியாரையில்தான் முட்டை வைக்கும், வேறு எதையும் திரும்பிப் பார்க்காது. டாக்டரம்மா நீளமாக ஒரு பேர் சொன்னார், இவள் நாக்கில் அது நிற்கவில்லை. சங்கத்தில் ஒருத்தரும் சுற்றுவட்டாரத்தில் அதைப் பார்த்ததில்லை என்றார்கள். நகராட்சி ஆபீசர் அசந்துபோனது அதற்காகத்தான்.

புருஷனுக்கு இதெல்லாம் வேடிக்கை. மழைக்கு முன்னால் ஒருமுறை, மழை ஓய்ந்து ஒருமுறை அவர்கள் கரையை வெட்டுவார்கள். முந்தின நாளே சொல்லிவிடுவான்: "நாளைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெட்டறோம். உன் பிள்ளைங்ககிட்டச் சொல்லி வேற எடம் பாக்கச் சொல்லு." அவளுக்கு வயிறு எரியும். புல் பறந்து, பூ பறந்து, கரை மொட்டையடித்த தலைபோல் கிடக்கும். வெட்டிய புல்லை மாடு வைத்திருப்பவர்கள் வாரிக்கொண்டு போவார்கள். "ஒரே ஒரு வருஷம் இதச் சும்மா விட்டா எப்படி இருக்கும்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னதே இவள்தான்.

உத்தரவுக்குப் பிறகு, கரையில் புல் வெட்டின கூட்டம் கலைந்தது. சிலர் வேறு ஊருக்குப் போனார்கள். ஒருத்தனின் பெண்டாட்டி சலவைக்கூடத்தில் இவளோடு விரிப்பு மடிப்பவள். எதிரெதிரே நின்று நாலு முனையையும் சேர்க்க வேண்டிய வேலை. அவள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். தன் பக்கத்து முனையை இவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் போடுவாள், இவள் குனிந்து எடுத்துக்கொள்வாள்.

புருஷன் ஐஸ் கம்பெனிக்கு சாக்குத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தான். கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்துச் சரிவுப் பலகையில் விட்டு வண்டியில் ஏற்றுகிற வேலை. சாயங்காலம் வந்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்திருக்கும். வெந்நீர்ச் சட்டியில் கையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முன்பு அவன் உள்ளே நுழைந்தால் பெட்ரோலும் பச்சைப் புல்லும் மணக்கும். முழங்கால்வரை பச்சைத் துணுக்கு ஒட்டியிருக்கும். அவள் திட்டிக்கொண்டே துவைப்பாள். இப்போது சட்டையில் அழுக்குக்கூட இல்லை.

போர்டு வந்தது. கரைக்குக் காவலாக ஓர் ஆள் தேவை என்று டாக்டரம்மா சொன்னபோது, இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். புருஷனுக்கென்றுதான் கேட்டாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் வெட்டின கரைக்கு நானே நாற்காலி போட்டுக் காவலா? போறவன் வர்றவனெல்லாம் சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. ஐஸுல கிடந்து சாகறதுக்கு இது மேலில்லையா?"

"ஊமையனுக்கு வாங்கிக் குடு. அவனுக்கு முதுகு போயிடுச்சு, மூட்ட தூக்க முடியாது. பொட்டப் புள்ளைங்கள வச்சுட்டுத் திண்டாடுறான்."

ஊமையன் அவன் கூட வெட்டினவன். வாய் மூடாமல் பேசுவதால் அந்தப் பேர். இவளை அக்கா என்றும் அதனால் அவனை மாமா என்றும் கூப்பிடுவான். வேலை கிடைத்த அன்று ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்து காட்டிவிட்டுப் போனான்.

முதல் வருஷம் கரை அமர்க்களப்பட்டது. வெட்டுப்படாத பூவெல்லாம் எழுந்து நின்றது. மஞ்சள், ஊதா, வெள்ளை என்று முழங்கால் உயரத்துக்கு அலையலையாக ஆடியது. விடுமுறை நாளில் ஜனங்கள் படம் எடுக்க வந்தார்கள். டாக்டரம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "இவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்று இவளைக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எத்தனையோ பாடுபட்டாலும் இதற்காவது ஆனதே என்று இவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த மழையோடு அது மாறியது.

போன வருஷத்துப் புல் சாய்ந்து மக்கி மெத்தைபோல் கிடக்க, அதன்மேல் புதுப் புல் இடுப்புவரை வந்தது. நடுநடுவே உண்ணிச்செடி முள்ளும் புதருமாகக் கிளம்பி, இவள் நடக்கிற தடத்தையே மூடியது. மூக்குத்திப்பூண்டைக் காணோம். நெருஞ்சியைக் காணோம். பாலத்தடியில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் புல்லை விலக்கி, அடியில் முகத்தை நுழைத்துப் பார்த்தாள். புளியாரை இருந்தது. நூல்போல வெளுத்து, வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்டு, ஓர் இலை இரண்டு இலையோடு துவண்டிருந்தது. விரல் பட்டதும் அறுந்தது. முட்டையும் இல்லை, புழுவும் இல்லை.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். மழை ஓய்ந்து வெயில் வந்தால் வரும் என்று பார்த்தாள். வெயில் வந்தது. உண்ணிப்பூவில் பெரிய பெரிய பூச்சிகள், ஊரெங்கும் எந்தப் புதரிலும் இருப்பவை, வந்து மொய்த்தன. கூட்டம் அவற்றைப் படம் எடுத்தது. கல்லில் காய ஒரு நீலம் வரவில்லை. புல்லை வெட்டி வெட்டி, வாரி வாரி, அந்த மண்ணுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்கு அங்கே நின்றபோது புரிந்தது. புதர்மேல் கையை ஊன்றிவிட்டு, முள் குத்தினதுகூடத் தெரியாமல் நின்றாள்.

டாக்டரம்மாவிடம் சொல்ல வேளை வாய்க்கவில்லை. கடைசியில் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் அவர் நாற்காலியிலேயே போய்ப் படுக்கும்படி ஆயிற்று. ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று டாக்டரம்மா பக்கத்தில் காத்திருந்தார். இதை விட்டால் முடியாது என்று இவள் வாயைத் திறந்தாள். நாக்கு பாதி செத்துக் கிடந்தது.

"தாத்தரம்மா, வெத்தணும்."

"வெட்டறதெல்லாம் இல்லம்மா, பிடுங்கறதுதான். பயப்படாதீங்க."

"பல்லு இல்ல. கய. கய வெத்தணும்."

"கையா? கையில என்ன?"

இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. படுத்தபடியே, தோளில் மெஷின் மாட்டினதுபோல் இரண்டு கையையும் வைத்து இடமும் வலமுமாக வீசிக் காட்டினாள். டாக்டரம்மா முகம் மாறியது. கரையைச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டார்.

"எனக்கும் தெரியும்மா. நானும் பாத்தேன். நாம ஒண்ணு நெனச்சோம், அது ஒண்ணு ஆயிடுச்சு."

"அப்ப வெத்தச் சொல்லுங்க."

"யார்கிட்டச் சொல்ல? வெட்டாதீங்கன்னு எத்தன வருஷம் அவங்க வாசல்ல நின்னேன் தெரியுமா? இப்பப் போய் வெட்டுங்கன்னா, இந்தம்மாவுக்கு வேற வேலையில்லன்னு சொல்வாங்க. ஆளு போட்டு வெட்ட அவங்க தயாரா இல்ல. அந்த எடத்த எதுக்காவது எடுத்துக்கலாமான்னு காத்துட்டிருக்காங்க. சங்கத்துல பேசியிருக்கேன். இன்னும் ஒரு வருஷம் பொறுப்போம். இயற்கை தானா ஒரு வழி பண்ணும்."

"அதுக்குள்ள அதுங்க செத்..."

"வாய நல்லா திறங்க. இன்னும், இன்னும் கொஞ்சம்."

திறந்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இரண்டு நாள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணி, பல்லு போச்சுன்னா பேச்சும் போச்சா? எதையோ மென்னுகிட்டே இருக்க. துப்பு."

அவன் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க வெட்டினதாலதான் அது இருந்துச்சு."

"எது?"

"பொடிநீலன். புல்லு குட்டையா இருந்தாத்தான் அது திங்கற புளியாரை தரையில படரும். நீங்க வருஷா வருஷம் வெட்டினீங்க, வாரிட்டுப் போனாங்க. அதனால இருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சட்டித் தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டும்வரை சிரித்தான். அவளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்னடி தெரியும்? மேஸ்திரி வெட்டுன்னான், வெட்டினேன். பூச்சிக்கா வெட்டினேன்? நீயும் டாக்டரம்மாவும்தான தெரிஞ்சவங்க?"

"தெரியலயே. தெரிஞ்சிருந்தா நானே வாயத் திறந்திருப்பேனா?"

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "நல்லாத்தான் காப்பாத்தினீங்க. பூச்சியும் போச்சு, பொழப்பும் போச்சு, போர்டு மட்டும் நிக்குது."

கையை எடுத்துத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே அவன் கேட்டான்.

"எவ்வளவு வெட்டினா வரும்?"

"பாலத்தடியில ஒரு துண்டு போதும். நம்ம வீட்டு அளவு. எங்கயாவது ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிட்டிருந்தா வந்து பிழைச்சுக்கும். வராமலும் போகலாம்."

அடுத்த விடுமுறை நாள் காலையில், பழைய கூட்டாளி ஒருத்தன் தோட்ட வேலை பார்க்கிற இடத்திலிருந்து இரவல் வாங்கின மெஷினோடு அவன் வாசலில் வந்து நின்றான். "வா" என்றான்.

பனி விலகி வெயில் ஏறுகிற நேரம். பாலத்தடியில் இறங்கினார்கள். அவன் தோள்பட்டை வாரைச் சரிபண்ணி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்தான். மெஷின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. காலை அகட்டி வைத்து, இடுப்பைத் திருப்பி, வலமிருந்து இடமாக அவன் ஒரு வீச்சு வீசியதும் ஈரப்புல் படுத்தது. இன்னொரு வீச்சு. பச்சை வாசனை கிளம்பி மூக்கில் ஏறியது. ஐஸ் கம்பெனிக்குப் போன நாளிலிருந்து கூனிப்போயிருந்த முதுகு நேராக இருந்தது. அவள் பின்னாலேயே குனிந்து, வெட்டிய புல்லை அள்ளி அள்ளி ஓரமாகப் போட்டாள். அடியிலிருந்து கருப்பு மண் கொஞ்சம் தெரிந்தது.

மேலே ஊதல் சத்தம் கேட்டது. ஊமையன் முதுகைப் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தான்.

"மாமா! நிறுத்து மாமா! என்ன காரியம் பண்ற? உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

அவன் மெஷினை நிறுத்தினான். "உங்க அக்காவக் கேளு."

அவள் சொன்னாள். பொடிநீலன், புளியாரை, வெளிச்சம், டாக்டரம்மா சொன்னது, எல்லாவற்றையும். ஊமையன் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததை அவள் பார்த்ததில்லை.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்க்கா" என்றான் கடைசியில். "ஆனா வெட்டலாம்னு ஆயிட்டா, வெட்டாமப் பாத்துக்கற ஆளு எதுக்கு? என்ன அதுக்குத்தான வச்சிருக்காங்க?"

"ஒரு துண்டுதான் தம்பி. யாருக்கும் தெரியாது."

"தெரியும்க்கா. ஆபீசர் போன வாரம் வந்துட்டுப் போனாரு. இங்கதான் நின்னாரு. அந்த நீலப் பூச்சி இருக்கா இல்லையான்னு கேட்டாரு. இருக்கு சார்னேன். எங்கேன்னாரு. இப்பத்தான் பறந்து போச்சுன்னேன். எனக்கு அது எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. அவரு சொல்றாரு, அது இல்லன்னா இந்த எடத்த எதுக்குப் புதரா போட்டு வைக்கணும், மண்ணக் கொட்டி நெரவினா வண்டி நிறுத்தவாவது ஆகும்னு. கூட வந்தவரு டேப்பு வச்சு அளக்கிறாரு."

அவள் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள்.

"சங்கத்துலேர்ந்து வர்றதப் பாத்துட்டு முடிவு பண்ணுவாராம்" என்றான் ஊமையன். "நீ எழுதறதுதான்க்கா அது. ரெண்டு இருந்துச்சுன்னு எழுதிடு. யாரு வந்து எண்ணப் போறா? பெரியவ இந்த வருஷம் பரீட்சை எழுதறா. உன் கால்ல வேணா விழறேன்."

விழுந்துவிடுவான்போல்தான் இருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வாரைக் கழற்றி மெஷினைத் தரையில் வைத்தான். வெட்டின இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரத்தில் கிடந்த புல்லைக் காலால் தள்ளித் தள்ளி மண் தெரிந்த இடத்தை மூடினான். ஊமையனும் குனிய முடியாமல் குனிந்து அவனோடு சேர்ந்து மூடினான்.

திரும்பி வரும் வழியில் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு அவன் முன்னால் நடந்தான். முனை திரும்பும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"பார்க்காதத எப்படிங்க எழுதறது? இதுநாள் வரைக்கும் ஒண்ணுகூட அப்படி எழுதினதில்ல."

"எழுதாதே."

"இல்லன்னு எழுதினா மண்ணக் கொட்டிடுவாங்க."

"கொட்டட்டும்."

"ஊமையன்?"

அவன் நின்றான். திரும்பவில்லை. "எங்க பொழப்ப எழுதிக் கெடுத்த. அவன் பொழப்பையாவது எழுதிக் காப்பாத்து" என்றான்.

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டே அவள் எழுதினாள். பாலத்தடி, வெயில், லேசான காற்று. எலுமிச்சை நிறத்தது ஒன்று. வெள்ளை சில. அவற்றை உண்மையிலேயே பார்த்திருந்தாள். அதற்குக் கீழே பொடிநீலன் என்று எழுதி, இரண்டு என்று போட்டாள். இரண்டும் போதாதோ என்று நினைத்து மூன்றாக்கினாள். அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தண்ணீர் கொதிப்பதற்குள் போன் அடித்தது. டாக்டரம்மாதான்.

"மூணா! நான் சொன்னேன்ல, பொறுத்தா தானா வரும்னு? நீங்க அவசரப்பட்டீங்க. நல்லவேள, வெட்டச் சொல்லி நான் யாருக்கும் எழுதல. சங்கத்துல எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க தெரியுமா? எங்கம்மா உக்காந்திருந்துச்சு? கல்லுலயா?"

"கல்லுலதான்."

"இறக்கைய விரிச்சா?"

"விரிச்சுத்தான்."

"உங்க கண்ணு யாருக்கும் வராதும்மா. இந்த ஒரு வாரத்த வச்சே அந்த ஆபீசர் வாய மூடிடுவேன். விடாம எழுதுங்க, என்ன?"

"எழுதறேன் டாக்டரம்மா."

போனை வைத்துவிட்டுக் கொதித்த தண்ணீரில் தேயிலையைப் போட்டாள்.

மறுவாரம் சலவைக்கூடத்திலிருந்து அவள் பெரிய ரோடு வழியாகவே வீட்டுக்கு வந்தாள். கரைப் பக்கம் திரும்பவில்லை. முகம் கழுவி, போனை எடுத்து, பாலத்தடி, வெயில், காற்று இல்லை என்று எழுத ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எந்த வாரமும் தவறவில்லை. கரைக்குத்தான் போகவில்லை.